புது டெபியனில் மெயில் சேர்வர்: திருத்தி எழுதவா, பழையதுக்குத் திரும்பவா, கையைக் கழுவவா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் திருகோணமலை நகரத்துக் கந்தோர்கள் சிலவற்றிலும் இன்னும் சொந்த மெயில் சேர்வர் ஓடுகிறது. ஒரு காலத்தில் யாரோ ஒரு பொடியன் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றைப் போட்டு, மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸையும் பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்கொட்டையும் பூட்டிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போயிருப்பான். சேர்வர் தன் பாட்டில் ஓடியது; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பழைய இயங்குதளங்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது, அல்லது நிற்கப்போகிறது. சரி என்று 2025 ஓகஸ்ட் 9 இல் வெளிவந்த டெபியன் 13 ஐப் போட்டு, பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே கொண்டுவந்து வைத்தால் போஸ்ட்ஃபிக்ஸ் எழும்புகிறது, டவ்கொட் எழும்ப மறுக்கிறது.

அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பலரும் முடிவெடுக்கிறார்கள். வழிகள் நான்கு. புதிய இயங்குதளத்திலேயே நின்று அமைப்பைத் திருத்தி எழுதலாம். ஆதரவு மிச்சமிருக்கும் முந்திய வெளியீட்டுக்குத் திரும்பலாம். மெயில்கவ் போன்ற, எல்லாம் உள்ளே கட்டிவரும் டொக்கர் பொதி ஒன்றை இறக்கலாம். சேர்வரே வேண்டாம் என்று மாதக் காசுக்கு ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். என் சாய்வை முதலே சொல்கிறேன்: முப்பது நாற்பது மெயில் பெட்டிகள் உள்ள இடத்துக்கு, சேர்வர் எழுதும் லொக் பதிவுகளை வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முதலாவது வழி. அப்படி ஒருவர் இல்லையென்றால் நான்காவது. நடுவில் உள்ள இரண்டும் அன்றைய இரவைக் காப்பாற்றும். அதற்குமேல் என்ன தருகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையில் எது உடைந்தது

டெபியன் 12 இல் இருந்தது டவ்கொட் 2.3. டெபியன் 13 இல் வருவது 2.4. எண்ணில் சின்ன மாற்றம்தான், ஆனால் அமைப்பு எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய கோப்பைப் புதியது ஏற்காது. இது மறைவான சங்கதியும் இல்லை. ஓடுகிற சேர்வரைத் தொட முன்னர் வேறொரு இயந்திரத்தில் அமைப்பை மாற்றி எழுதிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று டெபியனின் வெளியீட்டுக் குறிப்பே வற்புறுத்துகிறது. அதை வாசிக்கிறவர்கள் குறைவு.

என்ன மாறியது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கோப்பின் முதல் வரியே 'இது இன்ன பதிப்புக்கான அமைப்பு' என்று அறிவிக்க வேண்டும். அது இல்லையென்றால் மிச்சத்தை வாசிக்காமலேயே டவ்கொட் நின்றுவிடும். பெட்டிகள் எங்கே, எந்த வடிவத்தில் என்று ஒரே வரியில் சொன்ன பழைய 'மெயில் லொகேஷன்' போய், வடிவத்துக்கு ஒரு வரி, பாதைக்கு ஒரு வரி என்று பிரிந்துவிட்டது. சான்றிதழ்க் கோப்பைக் குறிக்கும் வரியின் பெயர் மாறிவிட்டது. பாதைக்கு முன்னால் போட்ட அந்தக் கோணக் குறியும் இனி வேண்டாம். கடவுச்சொல்லைத் தேடும் பகுதிக்கும் பாவனையாளரைத் தேடும் பகுதிக்கும் ஆளுக்கொரு பெயர் வைக்க வேண்டும். பாவனையாளர் பெயருக்கும் டொமைனுக்கும் சதவீதக் குறியோடு ஓர் எழுத்துப் போட்டு எழுதிய சுருக்கங்கள் போய், அடைப்புக்குள் முழுச் சொல்லாக எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. பிழை எந்த வரியில் என்று டவ்கொட்டே சொல்லும். சொன்ன வரியைத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஆபத்து, பொருள் தலைகீழாகிய வரிகளில் இருக்கிறது. குறியாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லைத் தடு என்று முன்பு ஒரு வரி இருந்தது; அதற்கு 'ஆம்' என்று போட்டிருப்பீர்கள். 2.4 இல் அதே காரியத்துக்கான வரி, அப்படியான கடவுச்சொல்லை அனுமதி என்று இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி 'ஆம்' ஐ அப்படியே விட்டால், பூட்டியிருந்த கதவைத் திறந்து வைத்தது நீங்களே. டவ்கொட் எழும்பும், எல்லோருக்கும் மெயில் வரும், ஒரு முறைப்பாடும் வராது. அதனால்தான் அது மோசம்.

இன்னொன்று கடவுச்சொல் வடிவம். பலவீனமானவை என்று பட்டியலிட்ட பழைய கடவுச்சொல் வடிவங்களை 2.4 இயல்பாக ஏற்பதில்லை. கணக்குகள் எல்லாம் ஒரே காலத்தில் திறந்தவையாக இருந்தால் பிரச்சினை ஒரேயடியாகத் தெரிந்துவிடும். ஆனால் வருடக்கணக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்த தரவுத்தளத்தில் மிகப் பழைய இரண்டு மூன்று கணக்குகளுக்கு மட்டும் நுழைய முடியாமல் போகும். மிகப் பழைய கணக்கு அனேகமாக முதலாளியுடையது. "தம்பி, எல்லாருக்கும் வேலை செய்யுது, எனக்கு மட்டும் ஏன் வரல்ல?" என்ற தொலைபேசி அழைப்பு அங்கிருந்துதான் வரும். பழைய வடிவத்தை அனுமதிக்க ஒரு வரி உண்டு. அதைப் போடுவதைவிட அந்த இரண்டு மூன்று பேருக்கும் புதுக் கடவுச்சொல் கொடுப்பது புத்தி.

டவ்கொட் முழுதாக எழும்பாமல் கிடப்பதைவிட, அரைகுறையாக எழும்புவதுதான் திருகோணமலை மாதிரியான இடத்தில் கூடுதலாக நோகச் செய்யும். டவ்கொட் ஓடுகிறது, ஆனால் கடவுச்சொல் தேடும் பகுதி பிழை என்று வையுங்கள். வரவேற்பு மேசையில் இருக்கிற தங்கச்சிக்கு அவுட்லுக் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் கேட்கும். அவர் தன் கைதான் பிழை என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் அடிப்பார். நாலைந்து தடவைக்குப் பிறகு, பிழையாக நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பான் அந்த முகவரியை மறித்துவிடும். விடுதி முழுவதும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால், ஒரே வெளி முகவரியில் இருப்பதால் சமையலறைக் கந்தோர் முதல் கணக்காளர் வரை எல்லோரும் வெளியே. இணைப்பு நிறுவனம் ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் வகையாக இருந்தால், பக்கத்து வீதியில் இருக்கிற சம்பந்தமில்லாத ஆளும் சேர்ந்து மறிபடுவார். மாற்றம் செய்யும் நாட்களில் ஃபெயில்2பானுக்குக் கந்தோர் முகவரியை விதிவிலக்காகக் கொடுத்துவைப்பது சின்ன வேலை, மறக்கக்கூடாத வேலை.

ஒரு ஆறுதல்: இத்தனைக்கு நடுவிலும் மெயில் தொலைவதில்லை. டவ்கொட் கிடந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் வந்த மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டு முயலும். இயல்பாக 5 நாள் வரை. சேர்வர் முழுவதும் நின்றாலும் எதிர்ப்பக்கத்துச் சேர்வர்கள் இதே பொறுமையோடு நாட்கணக்கில் காத்திருக்கும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்திலும், 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதாகச் சொன்னார்களே, அன்றைக்கும், நின்ற சேர்வருக்குப் போகவேண்டிய மெயில் கரண்ட் வந்த பிறகு வந்து சேர்ந்தது இதனால்தான். ஆகவே பதறி நடுச்சாமத்தில் முடிவெடுக்கத் தேவையில்லை. ஒரு நாள் இருக்கிறது, சில வேளை இரண்டும் இருக்கிறது.

டவ்கொட்டின் தலையில் போடக்கூடாதவை

டவ்கொட்டைச் சரிசெய்த பிறகும் மிச்சமிருக்கும் சில கோளாறுகள் உண்டு. முதலில் திகைக்கவைப்பது, பதிவுக் கோப்பே இல்லாமல் போவது. பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லொக், டெபியன் 12 இலிருந்து இயல்பாக நிறுவப்படுவதில்லை. மெயில் பதிவு வழக்கமாக இருக்கும் கோப்பைத் திறந்தால் அப்படி ஒன்று கிடையாது. எல்லாம் சிஸ்டம்டியின் ஜேர்னலுக்குள் இருக்கிறது. ஜேர்னல்சிடிஎல் கட்டளையில் சேவையின் பெயரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய இயந்திரத்தை அப்படியே மேம்படுத்தியிருந்தால் ஆர்சிஸ்லொக் மிஞ்சியிருக்கும். புதிதாக நிறுவியதில் இராது. புதிதாக நிறுவிய டெபியன் 12 இல் ஃபெயில்2பான் எழும்ப மறுத்ததும் இதே காரணத்தால்தான். வாசிக்கப் பதிவுக் கோப்பு இல்லை. ஜேர்னலை வாசி என்று நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டெபியன் 13 இல் தற்காலிகக் கோப்புறை நினைவகத்தில் இருக்கிறது, நினைவகத்தின் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். 2 ஜிபி விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்) ஒன்றில் பழைய பெட்டிகளின் காப்பகத்தை வழக்கப்படி அங்கே விரித்தால் சேர்வர் மூச்சுமுட்டும். வேறு கோப்புறையில் விரியுங்கள், முடிந்தது.

எரிதம் (ஸ்பாம்) அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸின் சங்கதி கொஞ்சம் நுணுக்கமானது. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) வழியாக அதன் கறுப்புப் பட்டியலைக் கேட்டால், ஸ்பாம்ஹவுஸ் விடை தருவதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற குறியை அனுப்பும். 'இந்த வழியால் கேட்காதே' என்பதுதான் அதன் பொருள். ஆனால் எந்தக் குறி வந்தாலும் நிராகரி என்று போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருந்தால், வருகிற மெயில் ஒவ்வொன்றையும் எரிதம் என்று திருப்பி அனுப்பிவிடும். பழைய சேர்வரில் இது நடக்கவில்லை, ஏனென்றால் அங்கே யாரோ உள்ளூர் டிஎன்எஸ் ஒன்றை ஓட விட்டிருந்தார்கள். புதியதில் அது இல்லை. அன்பவுண்ட் என்ற சிறிய டிஎன்எஸ் சேவையை அதே இயந்திரத்தில் நிறுவி அதையே கேட்கவைத்தால் தீரும். முன்னர் சொன்ன காத்திருப்பு இங்கே உதவாது என்பதையும் கவனியுங்கள். நிரந்தரமாக நிராகரித்த மெயிலை எதிர்ப்பக்கம் மறுபடி அனுப்பாது. மாற்றத்தில் மெயில் நிசமாகவே தொலையக்கூடிய இடம் இதுதான்.

பிறகு பழைய கருவிகள். இணைப்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் புதிய பதிப்பு, டிஎல்எஸ் குறியாக்க முறையின் பழைய 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக மறுக்கிறது. கணக்காளரின் விண்டோஸ் 7 இல் அவுட்லுக் 2010 இருந்தால் புதுப்பிப்பும் பதிவேட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல் அது 1.2 பேசாது. அதைவிடப் பிடிவாதமானது ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்பும் பழைய பிரிண்டர். அதற்குப் புதுப்பிப்பே கிடையாது. அந்த ஒரு பிரிண்டருக்காகச் சேர்வர் முழுவதன் பாதுகாப்பு மட்டத்தையும் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பிரிண்டர் கந்தோர் கொம்பியூட்டரின் ஒரு கோப்புறைக்குள் ஸ்கேனைப் போடட்டும்.

திருத்தி எழுதுவது

மேலே சொன்னதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும்: இவை எண்ணி முடிக்கக்கூடிய வேலைகள். விடுதி ஒன்றின் டவ்கொட் அமைப்பு, குறிப்புரை வரிகளை நீக்கினால், ஒரு பக்கத்தைத் தாண்டாது. டவ்கொன்ஃப் -n கட்டளை இயல்புநிலையிலிருந்து மாற்றியவற்றை மட்டும் காட்டும். பழைய சேர்வரில் அதை எடுத்து அச்சடித்து வைத்துக்கொண்டு, புதிய சேர்வரில் டெபியன் தரும் வெறும் அமைப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கட்டி எழுப்பலாம். பழைய கோப்பைத் திருத்தித் திருத்திக் கொண்டுபோவதைவிட இது வேகம். பழைய கோப்பில் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வரிகள் பாதி. இந்தச் சாட்டில் அவையும் கழியும்.

ஓடுகிற இயந்திரத்தின் மேலேயே மேம்படுத்தாதீர்கள். புதிய விபிஎஸ் ஒன்றில் கட்டி, பழையதை அப்படியே ஓடவிட்டு, கடைசியில் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். எம்எக்ஸ் பதிவின் (டொமைனுக்கான மெயில் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) ஆயுளை முதல் நாளே 300 வினாடிக்குக் குறைத்தால் மாற்றம் சில நிமிடங்களில் பரவும். பெட்டிகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு சேர்வரிலிருந்து சேர்வருக்கு நேரே நகலெடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு எடுத்துப்போகலாம் என்று ஒருவர் சொல்வார். ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில்டிர் வடிவத்தின் கோப்புப் பெயர்களுக்குள் முக்காற்புள்ளி இருக்கிறது. எக்ஸ்ஃபட் டிஸ்க் அந்தப் பெயர்களை ஏற்காது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் டவ்கொட் வைத்திருக்கும் யுஐடி (ஒவ்வொரு மெயிலுக்குமான எண்) பட்டியல் கோப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். அது தவறினால் மெயில் எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கைபேசியும் கொம்பியூட்டரும் அவற்றைப் புதிய மெயில் என்று எண்ணி முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். நிலாவெளியில் டேட்டா கார்ட்டில் வேலை செய்கிறவர் மாதக் கோட்டாவை ஒரு பகலில் முடித்துவிட்டு உங்களைத்தான் தேடுவார்.

யாருக்காவது பெட்டி வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பாதையில் ஒரு சொல் பிழைத்தால் டவ்கொட் பிழையான இடத்தில் புதுப் பெட்டி ஒன்றைத் திறந்துகொண்டு நிற்கும். பழையது பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும். பாதையைத் திருத்துங்கள், இடையில் வந்த இரண்டு மூன்று மெயிலைக் கையால் நகர்த்துங்கள்.

இந்த வழியைத் தடுக்கும் ஒரே தொழில்நுட்பக் காரணம் ரெப்ளிகேட்டர். இரண்டு டவ்கொட் சேர்வர்களை ஒன்றுக்கொன்று நகலாக வைத்திருக்கும் வசதி 2.4 இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி இருப்பவர்கள் மாற்று வழி கிடைக்கும்வரை 13 க்கு ஏறக்கூடாது. எங்கள் ஊர் விடுதிகளில் அப்படி வைத்திருப்பவர்கள் அரிது.

திரும்பிப் போவது

டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில். வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் வரை, நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. உபுண்டு 24.04 இலும் டவ்கொட் 2.3 தான் இருக்கிறது, அதற்கான வழக்கமான ஆதரவு 2029 வரை நீளும். ஆகவே பழைய அமைப்புக் கோப்புகளை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்றால் டெபியன் 12 ஐ விட உபுண்டு 24.04 க்குப் போவதில் அர்த்தம் உண்டு. டெபியன் ஆட்களுக்கு இது கசக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இதில் எனக்கு ஒட்டாதது ஒன்று. திருத்தி எழுதும் வேலை இல்லாமல் போகவில்லை, தள்ளிப்போகிறது. இன்றைக்குப் பழைய அமைப்பை வாசித்து விளங்கக்கூடிய ஆள் இருக்கிறார். மூன்று வருடம் கழித்து அவர் கட்டாரிலோ கனடாவிலோ இருக்கக்கூடும். முதல் பொடியன் போனது போல.

ஆனால் ஒரு சந்தர்ப்பத்தில் திரும்புவதுதான் சரி. கச்சான் வீசும் மாதங்கள், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, கிழக்குக் கரைக்கு உழைப்புக் காலம். திமிங்கலம் பார்க்கப் போகும் வள்ளத்திலிருந்து புறாமலை போகிற குழு வரை எல்லாமே மெயிலில் உறுதிப்படுத்தும் காலம். "தம்பி, மெயில் திரும்பி வருது எண்டு அந்த ஜெர்மன்காரர் வட்ஸ்அப்பில சொல்றார்" என்று முகாமையாளர் ஜூலையில் சொன்னால், அன்றைக்கு 2.4 இன் புதிய மாறிகளைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. பழைய வெளியீட்டைப் போடுங்கள், ஓடட்டும், ஒக்டோபரில் திருத்தி எழுத உட்காருங்கள். பருவம் முடிந்த பிறகு உட்காருவீர்களா என்பதை உங்கள் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டொக்கர் பொதி

மெயில்கவ்வை நான் குறை சொல்ல மாட்டேன். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட், எரிதம் வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, உலாவியில் மெயில் காட்டும் சோகோ, தரவுத்தளம் எல்லாம் ஒரே கட்டாக வருகிறது. உள்ளே எந்த டவ்கொட் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். கீழே டெபியன் 12 ஆ 13 ஆ என்பது பெரிதாகப் பொருட்டில்லை. இந்தக் கட்டுரையில் சொன்ன சிக்கல்களில் பாதி அங்கே இல்லை. நல்ல மேலாண்மைத் திரையும் உண்டு. கணக்குத் திறக்க முகாமையாளருக்கே காட்டிக்கொடுக்கலாம்.

சோற்றுப் பார்சல் மாதிரிதான்: கறி எல்லாம் உள்ளே இருக்கிறது, ஆனால் ஒரு கறி பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியாது. அவர்களின் குறைந்தபட்ச அளவு 6 ஜிபி நினைவகமும் 1 ஜிபி சுவாப்பும். வைரஸ் தேடும் கிளாம்ஏவியை நிறுத்தினால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 2 ஜிபி விபிஎஸ்ஸில் இது நடக்காது. மலிவு விபிஎஸ்கள் பலவற்றில் இருக்கும் ஓப்பன்விசட் வகை மெய்நிகராக்கத்தில் ஓடவே ஓடாது. காசு கட்ட முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, டொக்கர் திறக்கும் வாசல்கள் (போர்ட்டுகள்) யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவரின் விதிகளைத் தாண்டிப் போகும்; மறித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்த வாசல் வெளியே திறந்திருக்கும்.

பத்துப் பதினைந்து நிறுவனங்களுக்கு மெயில் நடத்துகிற ஒருவருக்கு மெயில்கவ் பொருத்தம். ஒரே ஒரு விடுதிக்கு அது பெரிது. மெயில்-இன்-எ-பொக்ஸ் என்றொரு சிறிய பொதியும் இருக்கிறது. அது உபுண்டு 22.04 க்காகவே எழுதப்பட்டது, அந்த உபுண்டுவின் வழக்கமான ஆதரவு 2027 வரைதான். புதிய இயங்குதளத்துக்குப் போகிற பேச்சில் அதைச் சேர்ப்பதில் பயனில்லை.

எந்த டெபியனும் தீர்க்காதது

இயங்குதளத்தை மாற்றியதால் மெயில் போகவில்லை என்று வருகிற முறைப்பாடுகளில் கணிசமானவற்றுக்கும் இயங்குதளத்துக்கும் தொடர்பில்லை. புதிய விபிஎஸ் எடுத்தீர்கள், முகவரி மாறியது, சிக்கல் அங்கே தொடங்கியது. பெரிய விபிஎஸ் நிறுவனங்கள் பல, புதிய வாடிக்கையாளருக்கு சேர்வர்கள் தமக்குள் மெயில் பரிமாறும் 25 ஆம் வாசலால் வெளியே போவதை இயல்பாகப் பூட்டி வைக்கின்றன. எழுதிக் கேட்டால் சிலர் திறப்பார்கள், சிலர் திறக்கவே மாட்டார்கள். அடையாளம் சுலபம்: மெயில் வரும், ஆனால் போகாது, ஜேர்னலில் இணைப்பு நேரம் கடந்தது என்று வரிசையாக இருக்கும். அதை டவ்கொட்டில் தேடினால் விடியும்வரை தேடலாம்.

25 திறந்த பிறகு தலைகீழ் டிஎன்எஸ் பதிவு, அதாவது முகவரியைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது. சேர்வர் தன்னை என்ன பெயரால் அறிமுகப்படுத்துகிறதோ அதே பெயரை அந்தப் பதிவும் சொல்ல வேண்டும். புதிய விபிஎஸ்ஸில் ஐபிவி6 தானாக வந்துவிடுவதால், போஸ்ட்ஃபிக்ஸ் அதன் வழியாக ஜிமெயிலுக்குப் போகப் பார்க்கும். ஐபிவி6 முகவரிக்குத் தலைகீழ்ப் பதிவு இல்லாவிட்டால் கூகுள் ஏற்காது. பதிவைப் போடுங்கள், அல்லது போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 மட்டும் பேசச் சொல்லுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) அல்லது டிகிம் (மெயிலில் இடும் மின்கையொப்பம்) கட்டாயம். நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் என்றால் இரண்டும், அத்தோடு டிமார்க்கும் (அவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு). விடுதிக்கு 5000 வராது, ஆனாலும் மூன்றையும் போடுங்கள். ஒரு ஜிமெயில் கணக்குக்கு அனுப்பிப் பார்த்து, அங்கே மூலத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் மூன்றும் தேறியதா என்று எழுதியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் முகவரிக்குப் பழைய குடியிருப்பாளர் விட்டுப்போன கெட்ட பெயர் இருக்கலாம். அதனால் நான் முதலாவது வழியோடு ஒரு இணைப்பையும் சேர்த்தே சொல்கிறேன்: உள்ளே வருவது சொந்தச் சேர்வருக்கு, வெளியே போவது ஒரு அனுப்பல் சேவை வழியாக. அமேசன் எஸ்இஎஸ் 1000 மெயிலுக்கு 10 அமெரிக்க சதம் எடுக்கிறது. பிரெவோவில் நாளுக்கு 300 வரை இலவசம். இவை 587 ஆம் வாசலால் போகும், 25 பூட்டியிருந்தாலும் பரவாயில்லை. போஸ்ட்ஃபிக்ஸில் இரண்டு மூன்று வரி வேலை. எஸ்பிஎஃப் பதிவில் அவர்களையும் சேர்க்க மறக்காதீர்கள். அதேநேரம் அந்தப் பதிவு 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சேர்வரைக் கந்தோருக்குள்ளேயே, மேசைக்குக் கீழே வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் விடை இங்கேதான். வீட்டு, கந்தோர் இணைப்புகளின் மாறும் முகவரிகள் பெரும்பாலும் ஸ்பாம்ஹவுஸின் பட்டியலில் ஏற்கனவே இருக்கின்றன. தலைகீழ்ப் பதிவும் உங்கள் கையில் இல்லை. கரண்ட் அல்ல அங்கே பிரச்சினை.

ஒப்படைப்பது

பதிவுகளை வாசிக்க ஆள் இல்லாத இடத்துக்கு இதுதான் வழி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குத்தான் கொஞ்சம் கவனமாகப் போட வேண்டும். இந்தச் சேவைகள் ஆளுக்கு இவ்வளவு என்று டொலரில் அறவிடுகின்றன. விபிஎஸ் எத்தனை பெட்டி இருந்தாலும் ஒரே விலை. 2022 இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டதைக் கண்டவர்கள், நாற்பது பேருக்கான டொலர் பில்லை இரண்டு தரம் யோசிப்பார்கள். ஆனால் நாற்பது பெட்டியில் எத்தனை நிசமாக ஆட்களுடையவை? முன்பதிவு, கணக்கு, முறைப்பாடு என்று வைத்திருப்பவை பொது முகவரிகள். அவற்றை மாற்றுப் பெயராகவோ குழுவாகவோ வைத்தால் காசு இல்லை. வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகளையும் கழித்தால் அனேகமாகப் பன்னிரண்டு பதினைந்தில் வந்து நிற்கும், அப்போது பில் வேறு மாதிரி இருக்கும்.

சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட சோஹோவில் சில தரவு மையங்களில் ஐந்து பேர் வரை இலவசத் திட்டம் உண்டு. அதில் ஐமேப் கிடையாது; உலாவியிலும் அவர்களின் செயலியிலும்தான் பார்க்கலாம். ஆறு அறை கொண்ட விருந்தினர் இல்லத்துக்கு அது தாராளம். அப்படியான இடத்துக்கு ஒருவர் டெபியன் 13 உம் டவ்கொட் 2.4 உம் பூட்டித் தருகிறேன் என்று வந்தால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

விருந்தினர்கள் கடவுச்சீட்டுப் பிரதியை மெயிலில்தான் அனுப்புகிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படியான விடயங்களைப் பற்றித்தான். சேர்வரை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு கையைவிட்டுப் போகாது. எந்த வழியில் போனாலும் பழைய சேர்வரின் டிஸ்க்கில் அந்தப் பிரதிகள் எல்லாம் இருக்கின்றன. புதியது ஒரு மாதம் சீராக ஓடும்வரை பழைய விபிஎஸ்ஸை நிறுத்தி வைத்திருங்கள், அழிக்காதீர்கள். அதற்குப் பிறகு வாடகையை நிறுத்த முன்னர் டிஸ்க்கை நீங்களே அழித்துவிட்டுக் கொடுங்கள்.